நாலாம் வகுப்புப் பையன், முதல் ராத்திரி வெளியே: அனுப்பலாமா?

இலக்கியம்பட்டி அம்மா எழுதியது:

வணக்கம். தருமபுரியில் ஒரு தனியார் பள்ளியில் என் பையன் நாலாவது படிக்கிறான். ஜனவரியில் நாலு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைத் தேன்கனிக்கோட்டையைத் தாண்டி ஒரு சாகச முகாமுக்குக் கூட்டிப் போகிறார்களாம். வெள்ளி காலை கிளம்பி, பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாகப் போய், சனி சாயந்தரம் திரும்புவது. நடுவில் ஒரு ராத்திரி கூடாரத்தில் படுக்கை. கயிற்றுப் பாலம், ஜிப் லைன் (கம்பியில் தொங்கிக்கொண்டு சறுக்குவது), காட்டுக்குள் நடை, தீ மூட்டி ஆட்டம் பாட்டு என்று சுற்றறிக்கையில் போட்டிருக்கிறது. தலைக்கு 2,800 ரூபாய்.

அவன் இதுவரை ஒரு ராத்திரிகூட வீட்டைவிட்டு இருந்ததில்லை. அவன் ஆயா பக்கத்தில் படுத்து, அவங்க முந்தானை நுனியை விரலில் சுருட்டிப் பிடித்தால்தான் தூக்கமே வரும். வீட்டுக்காரர் போகட்டும் என்கிறார். மாமியார் "யானை திரியிற காட்டுக்குப் பச்சப் புள்ளைய அனுப்புவாங்களா" என்று சொன்னதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். பையனோ இன்னும் ஒன்றரை மாதம் இருக்கும்போதே பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டான்.

அனுப்பிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். திங்கட்கிழமை இசைவுப் படிவம் கொடுக்க வேண்டும்.

பென்னாகரம்காரன் எழுதியது:

என்னைக் கேட்டால் வேண்டாம். ஒன்பது வயசில் ராத்திரி தங்கி என்ன கற்றுக்கொள்ளப் போகிறான்? நம்ம மாவட்டத்திலேயே ஒகேனக்கல் இருக்கிறது. காலையில் கூட்டிப் போய், முதலைப் பண்ணையைக் காட்டி, மீன் சாப்பாடு போட்டு, தண்ணீர் அளவாக வந்தால் லைஃப் ஜாக்கெட் மாட்டிப் பரிசலில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, பொழுது சாய்வதற்குள் வீடு சேர்த்துவிடலாம். பள்ளிக்கூடங்களுக்கு இதெல்லாம் இப்போது விளம்பரம். ஹெல்மெட் போட்ட பிள்ளைகள் படம் அடுத்த வருட அட்மிஷன் பேனரில் வரும், பாருங்கள்.

பழைய சாரணர் வாத்தியார் எழுதியது:

பேனர் விஷயம் உண்மைதான் சார், படித்ததும் சிரித்துவிட்டேன். மற்றதில் எனக்கு உடன்பாடு இல்லை.

நான் அரசுப் பள்ளியில் இருந்து ஓய்வு பெற்றவன். சாரணர் இயக்கத்தில் பிள்ளைகளை முகாமுக்குக் கூட்டிப் போய்ப் பழக்கம். குருளையர், நீலப்பறவையர் என்று நாங்கள் சொல்வது இந்தப் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத்தான். ஆகவே வயதை வைத்து மட்டும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 1907-ல் இங்கிலாந்தில் பிரவுன்சீ தீவில் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய முதல் சோதனை முகாமில் 20 பையன்கள் இருந்தார்கள். அந்த 20 பேரையும் அவர் மொத்தமாக மேய்க்கவில்லை, நாலு அணியாகப் பிரித்துவிட்டார். இன்றைக்கும் அதுதான் வழி. ஐந்தாறு பேர் கொண்ட அணியில் ஒருவன் சாப்பிடவில்லை என்றால் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். ஐம்பது பேர் வரிசையில் யாருக்கும் தெரியாது.

இப்போது முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். பகலில் எந்தப் பிள்ளையும் அழாது. கயிற்றில் தொங்கும்போது வீட்டு நினைப்பு எங்கே வரும்? சாப்பாடு முடிந்து, விளக்கை அணைத்து, பேச்சுச் சத்தம் அடங்குகிற எட்டரை ஒன்பது மணிக்கு ஒரு மூலையில் ஒருவன் மூக்கை உறிஞ்சுவான். அடுத்தவன் அதைக் கேட்டு ஆரம்பிப்பான். கொஞ்ச நேரத்தில் கூடாரமே விசும்பும்.

பள்ளிக்கூடம் கொடுத்த நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பாருங்கம்மா. காலை ஆறிலிருந்து இரவு எட்டு வரை மணிவாரியாக எழுதியிருப்பார்கள். எட்டுக்கு அப்புறம் 'ஓய்வு' என்று மட்டும் இருக்கும். விடிய இன்னும் பத்து மணி நேரம் கிடக்கிறது. யார் கூடப் படுப்பார்கள், நடுராத்திரி ஒண்ணுக்கு வந்தால் யாரை எழுப்புவது, கழிப்பறை எவ்வளவு தூரம், அங்கே விளக்கு எரியுமா, ஒரு பெரியவராவது விழித்திருப்பாரா? இதைக் கேளுங்கள். ஜிப் லைனைப் பற்றி அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

அழுகிற பிள்ளையிடம் 'அழாதே' என்று சொல்லிப் பயனில்லை. வேலை கொடுக்க வேண்டும். நான் வாசலில் சிதறிக் கிடக்கும் செருப்பையெல்லாம் ஜோடி சேர்த்து வரிசையாக வைக்கச் சொல்வேன். இடது எது வலது எது என்று தேடி முடிப்பதற்குள் பாதிப் பேருக்குக் கண் சொக்கிவிடும்.

சித்தேரி மலையான் எழுதியது:

எங்கள் மலையில் ஒன்றாவது ரெண்டாவது படிக்கும்போதே பிள்ளைகளை உண்டு உறைவிடப் பள்ளி விடுதியில் விட்டுவிடுவார்கள். நானும் அப்படி வளர்ந்தவன்தான். ஒரு ராத்திரி இல்லை, வருஷம் முழுக்க. எங்கள் அம்மாவிடம் யாரும் இசைவுப் படிவம் நீட்டவில்லை. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான். உங்களைக் குறை சொல்லவில்லை அக்கா. பிள்ளை தாங்குவானா என்று கேட்டீங்களே, அதற்காகச் சொல்கிறேன்.

இலக்கியம்பட்டி அம்மா எழுதியது:

படித்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது தம்பி. நீங்கள் எல்லாம் எப்படித் தாங்கினீர்கள்?

சித்தேரி மலையான் எழுதியது:

தாங்கினோம் என்றால் அழவில்லை என்று அர்த்தமில்லை. சாயந்தரம் பஸ் ஹாரன் கேட்டால் எல்லாரும் சன்னலுக்கு ஓடுவோம். வார்டன் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிவிடுவார். ஏழாவது எட்டாவது படிக்கிற அண்ணன்கள்தான் போர்வைக்குள் சேர்த்துக்கொண்டு கதை சொல்வார்கள். அதனால் வாத்தியார் ராத்திரியைப் பற்றிச் சொன்னது சரி. யார் பக்கத்தில் படுக்கிறார்கள் என்பதுதான் எல்லாம். பையனுக்குப் பிடித்த கூட்டாளியை அதே கூடாரத்தில் போடச் சொல்லுங்கள்.

தளி ராகிக்காடு எழுதியது:

எங்கள் ஊர்ப் பக்கம் வருகிறீர்கள், அதனால் ஒரு வார்த்தை. உங்கள் மாமியாரைத் திட்டாதீங்க. அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

ராகி அறுவடை சமயத்தில் பன்னார்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டம் ஜவளகிரி வழியாக இந்தப் பக்கம் இறங்கும். தளி, நொகனூர், ஊடேதுர்க்கம், சானமாவு என்று கூட்டம் பிரிந்து நிற்கும். பகலெல்லாம் காட்டுக்குள் இருந்துவிட்டு, இருட்டினதும் வயலுக்கு வந்து, விடிவதற்குள் திரும்பிப் போகும். ஜனவரியில்கூட நடமாட்டம் இருக்கும். வனத்துறை தண்டோரா போட்டும், ஃபோனிலும் ஊர்க்காரர்களை எச்சரிக்கும். அந்த முகாம் காட்டை ஒட்டி இருக்கிறதா, சுற்றிலும் சோலார் வேலி இருக்கிறதா, வனச்சரக அலுவலகத்தோடு தொடர்பில் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். கூடாரத்துக்குள் வாழைப்பழம், வெல்லம் போட்ட பலகாரம் எதுவும் வைக்கக் கூடாது. யானைக்கு மூக்கு ரொம்பக் கூர்மை. அம்மாக்கள் முறுக்கு, கடலை உருண்டை கட்டிக் கொடுப்பீர்கள், அதை எல்லாம் ராத்திரி சமையல் கட்டில் ஒரே இடத்தில் வாங்கி வைத்துவிட வேண்டும்.

'காட்டுக்குள் நடை' என்று போட்டிருக்கிறார்களே, அது காப்புக்காட்டுக்குள் என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். 2018-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி இறந்த பிறகு மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்தார்கள். அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். இல்லை என்றால் தோப்புக்குள் நடந்தால் போதும். பிள்ளைகளுக்கு எல்லாம் காடுதான்.

குளிரும் சொல்ல வேண்டும். தருமபுரி வெயிலில் வளர்ந்த பிள்ளைக்கு எங்கள் ஊர் ஜனவரி தாங்காது. பனி கொட்டும். ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ் இல்லாமல் அனுப்பாதீங்க. என் ஓட்டு, பிப்ரவரிக் கடைசிக்குத் தள்ளிப் போடுங்கள் என்பதுதான்.

பென்னாகரம்காரன் எழுதியது:

நான் வேண்டாம் என்றதற்கு ராகிக்காடு நாலு காரணம் எடுத்துக் கொடுத்துவிட்டார், நன்றி!

மருந்துச்சீட்டு எழுதியது:

குழந்தை மருத்துவம் பார்க்கிறேன். இங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: படுக்கையில் சிறுநீர் போவது. ஏழு வயதில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பிள்ளைகளுக்கு இது உண்டு. ஆண் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் அதிகம். வயது ஏற ஏறத் தானாகக் குறையும். ஆக இரண்டு வகுப்புப் பிள்ளைகள் போனால் ஒன்றிரண்டு பேருக்காவது இருக்கும். அந்தப் பிள்ளைக்கு யானையைவிட இதுதான் பெரிய பயம். அம்மா டீச்சரிடம் தனியாகச் சொல்லிவிட வேண்டும். டீச்சர் பத்து மணி வாக்கில் ஒரு தடவை எழுப்பிக் கழிப்பறைக்குக் கூட்டிப் போவார். மாற்று உடையும் ஒரு பிளாஸ்டிக் கவரும் பையின் மேலேயே இருக்கட்டும். காலையில் நனைந்த போர்வையை மற்ற பிள்ளைகள் பார்ப்பதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். இதற்கு மாத்திரை உண்டு. ஆனால் முகாமன்று முதல் தடவையாகக் கொடுத்துப் பார்க்கக் கூடாது. சில வாரம் முன்பே டாக்டரைப் பார்த்து, வீட்டில் சரிப்பட்டு வருகிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மாத்திரை போட்ட ராத்திரி நிறையத் தண்ணீர் குடிக்கவும் கூடாது.

பஸ்ஸில் வாந்தி எடுக்கும் பிள்ளையை முன் பக்கம் உட்கார வையுங்கள். ஃபோனோ புத்தகமோ பார்க்க விடாதீங்க. வயிறு முட்ட இட்லி ஏற்றி அனுப்புவதும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம்.

அப்புறம் பாம்பு. கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைத்தான் பெரும்பாலும் கடிக்கும். வலியே இருக்காது, பல் தடம்கூடத் தெரியாது. காலையில் பிள்ளை வயிறு வலிக்கிறது, கண் இமை தூக்க முடியவில்லை என்று சொன்னால் சாப்பாட்டுக் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது. கட்டில் இருந்தால் கட்டில். இல்லை என்றால் அடிப்பாகம் சேர்த்துத் தைத்து, ஜிப் முழுக்க மூடுகிற கூடாரம். பாம்புக்கடி மருந்து உள்ள அரசு மருத்துவமனை எவ்வளவு தூரம், ராத்திரி முழுக்க ஒரு வண்டி அங்கேயே நிற்குமா என்று கேளுங்கள். 108 வரும், ஆனால் காட்டோரப் பாதையில் வந்து சேர நேரமாகலாம்.

காரிமங்கலம் அக்கா எழுதியது:

பெண் பிள்ளைகளைப் பற்றி நான் கேட்கிறேன். என் மகள் ஐந்தாவது. அவள் வகுப்பில் ரெண்டு பிள்ளைகள் ஏற்கெனவே வயசுக்கு வந்துவிட்டார்கள். வெளியூரில் அன்றைக்கென்று வந்துவிட்டால்? டீச்சரிடம் நாப்கின் இருக்கும் என்பது போதாது. அது என்ன, எப்படி வைப்பது என்று பிள்ளைக்கு முன்னாலேயே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் "அதெல்லாம் இப்ப எதுக்குச் சொல்ற" என்றார்கள். சொல்லிவிட்டேன். பையில் நாப்கினும் கறுப்பு நிற மாற்று உடையும் வைத்துவிட்டேன். அவள் ஒன்றும் மிரளவில்லை, "மிஸ் ஏற்கெனவே சொன்னாங்கம்மா" என்றாள்.

இன்னொன்று. முகாமில் வேலை செய்கிற ஆட்கள் பிள்ளைகள் படுக்கிற பக்கம் ராத்திரி வரக் கூடாது. பெண் பிள்ளைகளோடு பெண் ஆசிரியர்தான் படுக்க வேண்டும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. இதை எழுதி வாங்குங்கள். கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்காதீங்க. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-லேயே வந்துவிட்டது, தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பதே அதில் குற்றம். பிள்ளைக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி நம்பரை மனப்பாடம் செய்ய வைத்தாலும் நல்லதுதான்.

கயிறுகட்டி எழுதியது:

ஓசூர்ப் பக்கம் முகாம்களில் கயிறு விளையாட்டுகளுக்குப் பயிற்சியாளராக இருக்கிறேன். யாரும் கயிற்றைப் பற்றிக் கேட்கவில்லை என்பதால் நானே வருகிறேன்.

ஹார்னஸ், அதாவது உடம்பில் மாட்டும் பாதுகாப்பு வார், இரண்டு வகை. இடுப்பிலும் தொடையிலும் மட்டும் மாட்டுவது பெரியவர்களுக்கு. சின்னப் பிள்ளைக்கு இடுப்பு குறுகல், வார் நிற்க இடம் கிடையாது. தலைகீழாகத் திரும்பினால் நழுவ வாய்ப்புண்டு. தோளோடு சேர்த்து மாட்டும் முழு உடல் ஹார்னஸ்தான் வேண்டும், அதுவும் சின்ன அளவில். பெரியவர் ஹார்னஸை இழுத்து முடிச்சுப் போட்டு மாட்டுகிறார்கள் என்றால் பிள்ளையை ஏற்ற வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லி வையுங்கள். கொக்கியின் திருகுப் பூட்டு மூடியிருக்கிறதா என்று மாட்டியவர் ஒரு தடவை, இன்னொருவர் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

ஜிப் லைனில் எடை ரொம்பக் குறைந்த பிள்ளை பாதிக் கம்பியிலேயே நின்றுவிடும். ஆபத்து இல்லை, போய் இழுத்து வருவோம். ஆனால் அந்தரத்தில் தனியாகத் தொங்குகிற அந்த நிமிடங்களில் பிள்ளை வெடவெடத்துப் போகும். அதனால் குறைந்தபட்ச எடை எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கழுத்துக் கயிறு, தாயத்து, தொங்கட்டான், துப்பட்டா எதுவும் ஆகாது. கழற்றச் சொன்னால் "ஆயா திட்டும்" என்று பிள்ளைகள் கையால் பொத்திக்கொள்வார்கள். வீட்டிலேயே கழற்றி அனுப்பினால் எங்களுக்குப் புண்ணியமாகப் போகும். அப்புறம் ஏற மாட்டேன் என்கிற பிள்ளையை ஏற்றாத முகாம்தான் நல்ல முகாம். பின்னாலிருந்து தள்ளிவிட்டுச் சிரிக்கிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன், அவர்களோடு எனக்கு ஒத்துவராது.

பாலக்கோடு மணி எழுதியது:

2,800 ரூபாயை யாரும் பேசவில்லையே. என் அண்ணன் தக்காளி வியாபாரம். விலை விழுந்த மாதத்தில் ரெண்டு பிள்ளைக்கு 5,600 எங்கே எடுப்பது? "வராத பிள்ளைகளுக்கு அன்றைக்கு லீவு" என்று எங்கள் பள்ளியில் சொன்னார்கள். திங்கட்கிழமை வகுப்பு முழுக்க முகாம் கதை பேசும்போது அண்ணன் பையன் மட்டும் உம்மென்று உட்கார்ந்திருந்தான்.

பழைய சாரணர் வாத்தியார் எழுதியது:

மணி சொல்வது நியாயம். பள்ளி மைதானத்திலேயே ஒரு ராத்திரி தங்க வைக்கலாம் தம்பி. வகுப்பறையில் பாய், வெளியே சமையல், வானம் தெளிவாக இருந்தால் நட்சத்திரம் பார்க்கலாம். சாப்பாட்டுச் செலவு மட்டும்தான். ஜிப் லைன் இருக்காது, ஆனால் முதல் ராத்திரிக்கு அது தேவையும் இல்லை.

பென்னாகரம்காரன் எழுதியது:

சரி, பள்ளி மைதானம் என்றால் நான் ஒத்துக்கொள்கிறேன். முகாமுக்குத்தான் அனுப்புவீர்கள் என்றால் பையன் கையில் ஒரு பழைய ஃபோனைக் கொடுத்து, "பிடிக்கலைன்னா கூப்பிடு, அப்பா வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி அனுப்புங்கள். பிள்ளைக்கும் தைரியம், உங்களுக்கும் நிம்மதி.

மருந்துச்சீட்டு எழுதியது:

பென்னாகரம் அண்ணா, அதை மட்டும் செய்யாதீங்க. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2007-ல் வீட்டு ஏக்கத்தைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. 'வந்து கூட்டிப் போகிறேன்' என்று முன்கூட்டி வாக்குக் கொடுக்கக் கூடாது என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் சொன்னால், உன்னால் இருக்க முடியாது என்று அப்பாவே நினைக்கிறார் என்று பிள்ளைக்குப் போய்ச் சேரும். அழுகை வந்த முதல் நிமிடமே ஃபோன்தான். முன்னாலேயே சொந்தக்காரர் வீட்டில் தங்க வைத்துப் பழக்குவது, அங்கே என்னென்ன நடக்கும் என்று விவரமாகச் சொல்வது, போவதா வேண்டாமா என்ற முடிவில் பிள்ளையையும் சேர்த்துக்கொள்வது, இதெல்லாம்தான் உதவும். நம் கவலையைப் பிள்ளை முன்னால் கொட்டக் கூடாது. வாசலில் நின்று அழுகிற அம்மாவைப் பார்த்தால் அவன் எப்படி பஸ் ஏறுவான்?

உண்மையிலேயே உடம்பு முடியவில்லை, தேற்றவே முடியவில்லை என்றால் பள்ளியே உங்களைக் கூப்பிடும். கூப்பிட்டால் போய்க் கூட்டி வாருங்கள், அதில் ஒரு அவமானமும் இல்லை. அந்த ஏற்பாடு பெரியவர்களுக்குள் இருக்கட்டும், பிள்ளைக்குத் தெரிய வேண்டாம்.

பென்னாகரம்காரன் எழுதியது:

டாக்டர் சொன்னால் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் ஃபோன் அடிக்காத ராத்திரியில் தூங்கப் போவது நீங்கள் இல்லை, அந்த அம்மா!

இலக்கியம்பட்டி அம்மா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் இங்கே படித்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேட்டேன். முதலில் முகாமுக்குப் பேச வந்தவர் சிரித்துக்கொண்டே "எல்லாம் நாங்க பார்த்துக்குவோம் மேடம்" என்றார். ராத்திரி யார் விழித்திருப்பார் என்று கேட்டதும் தலைமை ஆசிரியை பக்கம் திரும்பினார். தலைமை ஆசிரியை அவர் பக்கம் திரும்பினார். அதற்குள் பின்னாலிருந்து இன்னும் நாலு அம்மாக்கள் எழுந்துவிட்டார்கள்.

கடைசியில் முடிவானது இது. தேதி பிப்ரவரிக் கடைசிக்குப் போகிறது. கூடாரம் பகலில் விளையாட மட்டும், படுக்கை கட்டிடத்துக்குள் கட்டிலில். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர், பெண் பிள்ளைகள் பக்கம் பெண் ஆசிரியர்கள். ஆசிரியர்கள் முறை வைத்து விழித்திருப்பார்கள், வராந்தா விளக்கு அணைக்க மாட்டார்கள். பள்ளி வேன் ஒன்று டிரைவரோடு அங்கேயே நிற்கும். காட்டு நடை ரத்து, மாந்தோப்பு நடைதான். ஒன்பதரை மணிக்கு வகுப்பு வாட்ஸ்அப்பில் டீச்சர் ஒரே ஒரு செய்தி போடுவார், நாங்கள் யாரும் திருப்பிக் கூப்பிடக் கூடாது. பணம் ரெண்டு தவணை. கட்ட முடியாதவர்களுக்கு என்ன வழி என்று கேட்டேன் மணி, "பார்க்கிறோம்" என்று மட்டும் சொன்னார்கள். விடப் போவதில்லை. முழு உடல் ஹார்னஸ் சின்ன அளவில் இருப்பதாகச் சொல்லி ஃபோட்டோ அனுப்பியிருக்கிறார்கள்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அடுத்த வாரம் நல்லம்பள்ளியில் என் தங்கை வீட்டில் ஒரு ராத்திரி விடப் போகிறோம். மாமியார் இன்னும் முழுசாக இறங்கி வரவில்லை, ஆனால் குல்லா பின்ன ஆரம்பித்திருக்கிறார். பையில் வேறு என்ன வைக்கலாம்? டார்ச் வாங்கியே ஆக வேண்டும் என்று இவன் ஒற்றைக்காலில் நிற்கிறான்.

காரிமங்கலம் அக்கா எழுதியது:

எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள், ஜட்டி உட்பட. திரும்பி வரும்போது பாதி துணி அடுத்தவன் துணியாக இருக்கும்.

பழைய சாரணர் வாத்தியார் எழுதியது:

டார்ச் அவசியம் வாங்கிக் கொடுங்கம்மா. ஆனால் பேட்டரியை அவனிடம் கொடுக்காதீங்க. பாலக்கோடு தாண்டுவதற்குள் அடித்து அடித்தே தீர்த்துவிடுவான். ஒரு கவரில் போட்டு, பெயர் எழுதி, டீச்சரிடம் கொடுத்துவிடுங்கள்.